கரடியனாறு: போர்க்களத்திலிருந்து வணிக முகாமைக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், பன்குடாவெளியும் இலுப்படிச்சேனையும் கழிந்தபின் வரும் விவசாயக் கிராமம் கரடியனாறு. நிர்வாக முறைப்படி அது ஏறாவூர்பற்று பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும். மக்கள் வழக்கில் படுவான்கரை. சுற்றிலும் வயல், சேனை, மேய்ச்சல் தரை. சற்றுத் தொலைவில் உறுகாமம், உன்னிச்சைக் குளங்கள். அருகே முருகன் கோயில் கொண்ட குசலானமலை. அரச விவசாயப் பண்ணை ஒன்றும் இங்கு உண்டு. வெளியுலகுக்கு இவ்வூரின் பெயர் தெரியவந்தது வேறொரு காரணத்தால். தமிழீழ விடுதலைப் புலிகளின் மட்டக்களப்பு, அம்பாறைப் பணிகளின் மையமாக இயங்கிய ‘தேனகம்’ மாநாட்டு மண்டபம் இங்கேதான் இருந்தது. போர் முடிந்தபின், ஆயுதம் ஏந்தியிருந்த ஒருவர் ஆளையும் பொருளையும் பணத்தையும் பொறுப்பேற்று நடத்தும் முகாமையாளராக மாறுவது எப்படி, எவருக்கு அது வாய்த்தது, எவருக்கு வாய்க்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேட இந்த ஊரைப் போல் பொருத்தமான இடம் குறைவு. அந்த மாற்றத்தைத் தீர்மானித்தது தொழில் திறமையோ பயிற்சிச் சான்றிதழோ என்பதைவிட, அந்த மனிதருக்காகக் கையெழுத்திட யார் முன்வந்தார்கள் என்பதே என்று இக்கட்டுரை கொள்கிறது. சுருங்கச் சொன்னால், பிணை.

இலங்கையில் போர்வீரர் முகாமையாளராவது புதிய செய்தி அன்று. கரடியனாற்றைக் கடந்து போகும் அதே ஏ5 வீதி மறுபக்கம் பதுளை வழியாகப் பேராதனையில் போய் முடிகிறது. அந்தத் தேயிலை மலைகளில்தான் முதல் வரலாறு கிடக்கிறது. 1900ஆம் ஆண்டு தோட்டத் துரைமார்களைக் கொண்டே இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் அதன் பிரிவொன்று எகிப்துக்கும் அங்கிருந்து கலிப்பொலிக்கும் போனது. 1949இல் படை கலைக்கப்படும்வரை துரைக்குத் துப்பாக்கியும் தோட்டக் கணக்கேடும் முரண்பட்ட பொருள்களாக இருக்கவில்லை. போரிலிருந்து மீண்டவருக்குக் கொழும்பு ஏஜென்சிக் கொம்பனி நாற்காலி வைத்திருந்தது; வங்கி அவர் பெயரைக் கேட்டுத் தயங்கவில்லை. போர்க்களத்தில் அவர் தேயிலை வளர்ப்பைக் கற்றுவந்தாரா என்று எவரும் கேட்கவில்லை. போருக்கு முன்னும் பின்னும் அவருக்குப் பின்னால் நின்ற நிறுவனம் ஒன்றேதான்.

படுவான்கரைக்கும் தனக்கென்று ஒரு முகாமை மரபு இருந்தது. அதை இங்கு விரித்துச் சொல்லவேண்டும்; பிறகு வருவதெல்லாம் இதனோடு ஒட்டியே நடந்தது. நிலத்துக்கு உரியவர் போடியார். அவருக்காக வயலில் நின்று விதைப்பு முதல் சூடடிப்பு வரை பார்ப்பவர் முல்லைக்காரர். குளத்து நீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது, வேலி கட்டாதவர் யார், பட்டி மாடு எவருடைய வயலில் இறங்கியது என்பதற்கெல்லாம் பொறுப்பு வட்டவிதானை. இவர்களில் எவரும் முகாமைத்துவம் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் செய்தது வேறென்ன? இன்றைய பெரும்போக அறுவடையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். மாசி, பங்குனியில் வெட்டு மெசின் ஊருக்குள் இறங்குகிறது. அதைக் கொண்டுவருபவர் முதலில் வரம்பு காய்ந்த வயல்களையும் சேறு கிடக்கும் வயல்களையும் பிரித்து வரிசை போடவேண்டும். வரிசை பிசகினால் மெசின் புதைந்து அன்றைய நாள் போய்விடும். டீசலுக்குக் கையில் காசு வேண்டும். மழை கறுத்துவந்தால் எந்த வயலை விட்டு எந்த வயலுக்குப் போவது என்று நின்ற இடத்திலேயே முடிவெடுக்கவேண்டும். நெல்லுச் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுக்கு மேல் நெல்லை ஏற்பதில்லை; காயவைக்கக் களமும் நாளும் இல்லாதவர் வயலோரத்திலேயே ஈர நெல்லை வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். அப்போது விலை பேசுவதும், தராசைக் கண்காணிப்பதும், லொறி வருமுன் மூட்டை கட்டுவதும் ஒருவர் தலையில் விழும். ஆள், பொருள், நேரம், பணம் நான்கையும் ஒரே பொழுதில் கட்டி மேய்ப்பது இதுதான்.

போர்க்காலத்தில் இந்த வேலைகளில் ஒரு பகுதி ஆயுத அமைப்பின் கைக்கு மாறியது. செங்கலடிக் கறுப்புப் பாலத்து இராணுவச் சாவடிக்கு அப்பால், 2002 யுத்தநிறுத்த ஒப்பந்தத்தின் பின் ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வடக்கில் 1994இல் தமிழீழ வைப்பகம் தொடங்கப்பட்டிருந்தது. தமிழேந்தி தலைமையில் நிதித்துறை கணக்குப் பார்த்தது. காவல்துறையும் நீதிமன்றமும் இயங்கின. ஒரு படையணியைக் காட்டில் வைத்திருப்பதற்குத் துப்பாக்கி சுடத் தெரிந்தால் மட்டும் போதாது. அரிசி எத்தனை நாளைக்கு வரும், மருந்து எங்கே பதுக்கியிருக்கிறது, எரிபொருள் எவர் கையால் எவ்வளவு போனது என்று எழுதிவைக்க ஆள் வேண்டும். வழங்கல், மருத்துவம், நிதி, வாகனம், பதிப்பு என்ற பிரிவுகளில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் செய்தது, அமைதிக் காலத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்து முகாமையாளரோ ஓர் அரிசி ஆலைக் கணக்காளரோ செய்யும் வேலைக்கு மிக அருகில் நின்றது. களத்தில் காயப்பட்டு முன்னணிக்குத் திரும்ப முடியாதவர்கள் இத்தகைய பணிகளுக்கு மாற்றப்படுவதும் வழக்கம்தான்.

இந்த இடத்தில் வலுவான ஓர் எதிர்ப்பு எழும். துப்பாக்கி முனையில் வரி வாங்கியவர் வணிகம் கற்றார் என்று சொல்லலாமா? வணிகத்தில் வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்; போர்க்காலப் படுவான்கரையில் அடுத்த கடை இருக்கவில்லை. வேலையாளுக்குச் சம்பளம் இல்லை. நட்டக் கணக்கை மூடுவதற்கு எப்போதும் இன்னொரு வரி இருந்தது. இதைவிட ஆழமான குறையும் உண்டு. கரடியனாற்று நெல்லுக்கு இயல்பான சந்தை ஏறாவூரும் அதைச் சூழ்ந்த வணிக ஊர்களும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டதையும், பின்னர் முஸ்லிம் வணிகரிடமிருந்து பெறப்பட்ட கட்டாய வரியையும் அந்த ஊர்கள் எளிதில் மறக்கப் போவதில்லை. எதிர்ப்பின் இந்தப் பகுதியை மறுப்பதற்கு இடமில்லை, ஒப்புக்கொள்வதே நேர்மை. விலையைச் சந்தையில் கற்காதவருக்கு விலை தெரியாது. ஆனால் இதிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று பார்க்கவேண்டும். போராளிக்கு இருப்புக் கணக்கும் ஆள் நடத்தலும் தெரிந்திருந்தன. விலையும் நம்பிக்கையும் இல்லாதிருந்தன. விலையை ஓரிரு போகத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம். நம்பிக்கை அப்படி வராது. எதிர்ப்புச் சொல்பவர் தம்மை அறியாமல் இக்கட்டுரையின் பக்கத்துக்கே வந்துவிடுகிறார்: குறைந்திருந்தது பிணைதான்.

கிழக்கின் கதை வடக்கின் கதையிலிருந்து பிரியும் இடம் 2004. அந்த ஆண்டு மார்ச் மாதம் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா, அமைப்பின் வன்னித் தலைமையிலிருந்து பிரிவதாக அறிவித்தார். ஏப்ரலில் பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டி வெருகல் ஆற்றங்கரையில் நடந்த மோதலுக்குப் பிறகு, அவர் கீழிருந்த ஆயிரக்கணக்கான போராளிகள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு வீடு போனார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். இலங்கையில் நடந்த மிகப்பெரிய ஆயுதக் களைவுகளில் ஒன்று இது. அதற்கு ஒரு திட்டமும் இல்லை, ஒரு காரியாலயமும் இல்லை, ஒரு படிவமும் இல்லை. சிலர் மீண்டும் புலிகளால் கொண்டுபோகப்பட்டனர். சிலர் பிரிந்துபோன அணியில் சேர்ந்தனர். சிலர் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறினர். மறைந்து வாழவேண்டியிருந்த ஒருவர் கடை திறந்து பெயர்ப்பலகை மாட்ட மாட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2007இன் முற்பாதியில் இராணுவம் பதுளை வீதியைப் பிடித்தது. ஜூலை 11ஆம் திகதி குடும்பிமலை விழுந்ததோடு கிழக்கில் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு, பிரிந்துபோன அணியிலிருந்து உருவான தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி மாகாண சபைத் தேர்தலில் இறங்கி, அதன் தலைவர் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். முன்னாள் போராளிக்கு மேலே ஏற ஒரு ஏணி உண்டென்றால் அது அரசியல் ஏணி என்று கிழக்கு கற்றுக்கொண்டது அப்போதுதான். வணிகத்துக்கு அப்படியொன்று வைக்கப்படவில்லை.

முறையான புனர்வாழ்வு 2006ஆம் ஆண்டு அவசரகால விதிகளின் கீழ் சட்ட உருவம் பெற்று, 2009 மே மாதத்துக்குப் பின் பெருந்திட்டமானது. சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாக ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்துக்குக் கீழ் வந்தனர். அவர்களில் 594 பேர் சிறுவர் போராளிகள். பொலன்னறுவை மாவட்டத்து வெலிக்கந்தை, கந்தக்காடு, சேனபுர முதல் வவுனியாப் பூந்தோட்டம் வரை நிலையங்கள் அமைந்தன. சிறுவர்கள் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்கவைக்கப்பட்டனர். அது இத்திட்டத்தின் பாராட்டத்தக்க பகுதி. பெரியவர்களுக்குக் கற்பித்தது மேசன் வேலை, தச்சு, உருக்கி ஒட்டுதல், மின்னிணைப்பு, தையல், அழகுக்கலை. பயனற்ற தொழில்கள் அல்ல இவை. வீடு கட்டும் காலத்தில் மேசனுக்கு வேலை இருந்தது. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தால் ஒரு முன்முடிவு தெரியும்: வெளியே போகும் இவர் ஒருவரிடம் வேலை செய்வார், ஒருவரையும் வேலைக்கு வைக்க மாட்டார். பத்தாண்டு ஒரு வழங்கல் பிரிவின் இருப்பேட்டை எழுதியவருக்கும், பயிற்சி முகாமைத் தாண்டாத இருபது வயது இளைஞருக்கும் கரண்டியும் தூக்குக்குண்டும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டன. அவர்கள் முன்பு என்ன பொறுப்பில் இருந்தார்கள் என்பது விசாரணைக் கோப்பில் விரிவாகப் பதிவானது. தொழில் கோப்பில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அடுத்தது கடன். அரச வங்கிகள் வழியாகப் புனர்வாழ்வு பெற்றோருக்கு 4 வீத வட்டியில் 250,000 ரூபா வரை சுயதொழில் கடன் அறிவிக்கப்பட்டது. வட்டி உண்மையிலேயே குறைவுதான். தொகையோ அன்று ஒரு புதிய முச்சக்கர வண்டிக்கும் போதாதது. வெட்டு மெசினைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அதைவிட முக்கியமானது வங்கிக் கருமபீடத்தில் நடப்பது. இலங்கையின் சிறு கடன் விண்ணப்பம் எதையும் எடுத்துப் பாருங்கள்: அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, அதற்குப் பிறகு பிணையாளர் இருவர். பிணையாளர் அரச உத்தியோகத்தராக, நிரந்தரச் சம்பளக்காரராக இருந்தால் முகாமையாளரின் முகம் மலரும். ஒரு ஆசிரியரோ எழுதுவினைஞரோ முன்னாள் போராளிக்காகக் கையெழுத்திடும்போது பணத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை. விடுதலையானவர்கள் வீடுகளுக்குப் புலனாய்வுத் துறையினர் திரும்பத் திரும்ப வந்து விசாரித்ததை மனித உரிமை அமைப்புகள் பலமுறை பதிவு செய்துள்ளன. இன்னார் யாரோடு பழகுகிறார், யார் உதவுகிறார் என்பதும் அந்த விசாரணையில் வரும். தன் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறும் என்று அஞ்சும் அரச ஊழியர் மறுத்துவிட்டால் அவரைக் குறை சொல்வது கடினம். ஒரு அரச கை கடனை நீட்டியது. இன்னொரு அரச கை பிணையாளரை விரட்டியது.

பிணையாள் இல்லையென்றால் நிலத்தை ஈடுவைக்கலாமே என்று கேட்கலாம். படுவான்கரையில் குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை உறுதிக்காணி போலத் தாராளமாக ஈடுவைக்க முடியாது. இடம்பெயர்வில் அந்தப் பத்திரமே தொலைந்துபோன குடும்பங்களுக்கு அதைச் சொல்லியும் பயனில்லை. இந்த இடைவெளிக்குள் புகுந்தவை நுண்நிதிக் கொம்பனிகள். அவை சொத்தோ அரச உத்தியோகத்தரோ கேட்கவில்லை. அயலிலுள்ள நாலைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றன. மத்திய வங்கி 2018இல் 35 வீதத்தை உச்ச எல்லையாக விதிக்கவேண்டி வந்தது என்றால் அதுவரை வட்டி எங்கே நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம். அதே ஆண்டில் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. பிணை இருந்தால் பணம் ஓடிவரும் என்பதற்கும், ஏழையே ஏழைக்குப் பிணை நின்றால் அது எங்கே போய் முடியும் என்பதற்கும் இந்த ஒரு நிகழ்வு இரட்டைச் சான்று.

வடக்கில் வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்னாள் போராளிகளைச் சம்பளத்துக்கு எடுத்து முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பண்ணைகளில் வேலைக்கு வைத்தது. 2018 ஜூனில் விசுவமடுவில் அதன் பொறுப்பதிகாரி கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றபோது, அவர் கீழ் வேலை செய்த முன்னாள் போராளிகளும் குடும்பங்களும் கண்ணீரோடு தோளில் சுமந்து வழியனுப்பிய காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அதைத் துரோகம் என்றவர்களும் நல்லிணக்கம் என்றவர்களும் கவனிக்காத ஒன்று உண்டு. மாதச் சம்பளம் குடும்பத்துக்குத் தந்த நிம்மதி உண்மை. அந்த அதிகாரியின் நல்ல குணமும் உண்மையாக இருக்கட்டும். பண்ணையின் முகாமையாளர் அவர், போராளிகள் வேலையாட்கள். எதைப் பயிரிடுவது, எவருக்கு விற்பது, இலாபத்தை எங்கே போடுவது என்ற முடிவுகள் வேலையாட்களிடம் வரவில்லை.

மறுபக்கத்து வீரர்களோ முகாமையாளர் ஆனார்கள், அதுவும் பெரிய அளவில். காங்கேசன்துறையில் தல்செவன, நந்திக்கடலோரத்தில் லகூன்ஸ் எட்ஜ் என்று இராணுவம் விடுதி நடத்தியது; திருகோணமலை மார்பிள் பீச் விமானப்படையின் கையில். ஒரு மனிதரின் பாதையை மட்டும் எடுத்துச் சொல்லலாம். போர் முடிந்த கையோடு புனர்வாழ்வு ஆணையாளர் நாயகமாக இருந்தவர் தயா ரத்நாயக்க. 2013 முதல் 2015 வரை அவர் இராணுவத் தளபதி. அதன்பின் இலங்கைத் துறைமுக அதிகார சபையின் தலைவர். பிறகு கைத்தொழில் அமைச்சின் செயலாளர். கொழும்புத் துறைமுகம் நாட்டின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று. அதை நடத்த அவருக்குத் தகுதி இருந்ததா என்பது இங்கு கேள்வி அன்று. அந்த நியமனத்தின்போது, படையை நடத்திய அனுபவம் முகாமைத்துவ அனுபவமாக இயல்பாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் பொறுப்பில் புனர்வாழ்வு பெற்றவர்களின் அதே வகை அனுபவம் ஏன் பூச்சியமாக எண்ணப்பட்டது என்பதுதான் கேள்வி.

வென்றவரையும் தோற்றவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்பார்கள். அரசப் படை அதிகாரிக்குக் கல்லூரிப் படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி, சட்டபூர்வ அந்தஸ்து எல்லாம் இருந்தன. கெரில்லா அமைப்பின் வழங்கல் பொறுப்பாளருக்கு இவை இல்லை. சரி, தோற்றவரையே எடுத்துக்கொள்வோம். யப்பானிய ஏகாதிபத்திய இராணுவத்தின் தலைமைப் பணியகத்தில் போரின் பெரும்பகுதியைக் கழித்தவர் செஜிமா ரியூசோ. 1945 தோல்வியின்போது சோவியத் படையிடம் பிடிபட்டு, பதினொரு ஆண்டு சைபீரியக் கைதியாக இருந்து 1956இல் திரும்பினார். அதுவரை அவர் ஒரு பொருளையும் விற்றதில்லை. 1958இல் இட்டோச்சு வணிகக் கொம்பனி அவரைச் சேர்த்துக்கொண்டது. இருபதாண்டில் அதன் தலைவரானார். அவருக்கு வணிகம் கற்பித்த புனர்வாழ்வு முகாம் எதுவும் இல்லை. தோற்ற படை அந்த நாட்டின் சொந்தப் படை. அமைச்சுகளிலும் ஆலைகளிலும் அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்ன சொல் பிணையாயிற்று. கரடியனாற்றுப் போராளி தோற்றதோடு மட்டும் நிற்கவில்லை. அவர் யாருக்காகப் போரிட்டதாகச் சொன்னாரோ அந்தச் சமூகத்தின் வசதிபடைத்த பகுதி புலம்பெயர்ந்துவிட்டது. மிஞ்சியது அவரைப் போலவே கடன் வாங்கக் காத்திருந்தது.

அமெரிக்கா 1944இல் இயற்றிய போர்வீரர் மறுசீரமைப்புச் சட்டம், பிணையே முதன்மை என்ற இந்த உண்மையை முன்கூட்டியே புரிந்துகொண்டது. கல்விச் செலவோடு வீடு, பண்ணை, வணிகக் கடன்களுக்கும் அது வழிசெய்தது. ஆனால் கடனை அரசு கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனில் பாதி வரை, 2,000 டொலர் எல்லைக்குள், அரசே பிணை நின்றது. இந்தியாவில் சூரரைப் போற்று படத்தின் மூலம் தமிழர் அறிந்த கப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையிலும் இதன் ஒரு சாயல் உண்டு. 1971 போரைக் கண்டு, இராணுவத்தை விட்டு ஊர் திரும்பியவர், ஏமாவதி அணையில் மூழ்கிய குடும்பக் காணிக்கு ஈடாகக் கிடைத்த தரிசில் பட்டு வளர்த்தார். 1997இல் ஹெலிகொப்டர் நிறுவனம், 2003இல் ஏர் டெக்கான். அவரது துணிவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் காலடியில் காணி, பெயருக்கு முன்னால் நாடு மதிக்கும் பதவி, இவை இரண்டும் எந்த வங்கி வாசலிலும் பேசும். நேரெதிர் உதாரணம் இந்தோனேசியாவின் ஆச்சே. 2005 ஹெல்சிங்கி உடன்படிக்கைக்குப் பின் அங்கு பிரிவினை இயக்கத்தின் முன்னாள் தளபதிகள் கட்டுமான ஒப்பந்தக்காரர்களாகக் கொழித்தார்கள். கட்சி அதிகாரம் அவர்களுக்குப் பிணையாக நின்றதால் ஒப்பந்தம் வந்தது, வேலைத்தரம் கேட்கப்படவில்லை, கீழ்நிலைப் போராளிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே எந்தப் பிணையும் நல்ல பிணை என்று சொல்ல வரவில்லை. அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பைப் பிணையாகக் கொண்டவர் ஒப்பந்தக்காரர் ஆவார்; கணக்குக் காட்டவேண்டிய கடனைப் பிணையாகக் கொண்டவர்தான் முகாமையாளர் ஆவார்.

இன்னொரு எதிர்ப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கிழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும் தொகையினர் சிறுவர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதாதவர்கள். 2004இல் வீடு வந்தபோது திரும்ப வகுப்பில் உட்காரும் வயதைத் தாண்டியவர்கள். இவர்களைப் பற்றி முகாமைத்துவம் பேசுவது வீண் அல்லவா? ஓரளவுக்கு ஆம். இருப்பேடு எழுதிய மூத்தவரின் நிலையை இவர்கள்மீது ஏற்றிப் பேசினால் வாதம் உடையும். கரடியனாற்றிலிருந்து வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் அதிக தூரமில்லை. அங்கே வர்த்தக முகாமைத்துவ பீடம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எட்டாதது. எனினும் ஒரு முல்லைக்காரரும் வட்டவிதானையும் பரீட்சை எழுதி அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள் அல்லர். போடியார் நம்பினார், வயற்காரர் ஏற்றுக்கொண்டனர், தவறினால் அடுத்த போகத்தில் மாற்றினர். படிப்பில்லாதவரை முகாமையாளராக்கும் வழி ஊரில் ஏற்கெனவே இருந்தது. பால் சேகரிப்பு நிலையம், விவசாயச் சங்கம், கூட்டுறவுக் கடை போன்றவற்றில் அந்த வழி இன்னும் முற்றாக அடைபடவில்லை. பெண் போராளிகளுக்கு அதுவும் குறுகல். அமைப்பில் அணிகளை நடத்திய பெண், ஊருக்கு வந்ததும் தையல் மெசினுக்கு முன் உட்காரவைக்கப்பட்டார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி பதவிகூட, போராளியாக இருந்தவர் என்ற பெயர் மங்கிய பிறகே எட்டும்.

போருக்குப் பின் வறுமை தானாகவே குறைந்ததே என்போரும் உண்டு. எண்கள் அவர்கள் பக்கம்: 2012/13 வீட்டு வருமானச் செலவின ஆய்வில் மட்டக்களப்பில் 19.4 வீதமாக இருந்த வறுமை 2016இல் 11.3 ஆனது. ஆனால் அப்போதும் தேசிய அளவு 4.1 வீதம்தான். வீதி வந்தது, மின்சாரம் வந்தது. அந்த வீதி வேலையை நடத்தியது சீனக் கொம்பனி. பாறை உடைக்க அது வைத்திருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் 2010 செப்டெம்பர் 17 அன்று கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அபிவிருத்தியின் கூலி ஊருக்கு வந்தது. முகாமை வெளியிலிருந்து வந்தது. வறுமை வீதம் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

முன்னாள் போராளிகளில் சிலர் தம் சொந்த முயற்சியில் உழவு இயந்திரம் வாங்கி வாடகைக்கு விட்டும், நெல் சேர்த்து ஆலைக்குக் கொடுத்தும், மாட்டுப்பட்டி நடத்தியும் மேலே வந்திருக்கிறார்கள். பிணை கிடைக்காத இடத்தில் தொழில் பெரும்பாலும் உறவினர் பெயரில் ஓடும் என்பதால், பதிவேடுகளை மட்டும் வைத்து இவர்களை எண்ண முற்படுவது பிழையில் முடியும். இத்தகைய சிறு முயற்சிகளை அடுத்தடுத்து இரண்டு அடிகள் தாக்கின. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் பசளையின்றித் தொடங்கியிருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வங்கிக் கடன் வட்டி இருபதைத் தாண்டியது. 4 வீதக் கடன் காலத்தில் பிணையாளர் கிடைக்காமல் நின்றவருக்கு இந்த வட்டியில் யார் பிணை நிற்பார்?

புனர்வாழ்வுப் பணியகம் இதற்கிடையில் வேறு வேலைக்கு மாறியிருந்தது. கந்தக்காடும் சேனபுரவும் போதைப்பொருளுக்கு அடிமையானோரின் நிலையங்களாயின. 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் தன் வரம்புக்குள் சேர்த்திருந்தது. உயர் நீதிமன்றம் அதில் திருத்தம் வேண்டும் என்று தீர்மானித்ததால், 2023 ஜனவரியில் நிறைவேறிய சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. கட்டாயப் புனர்வாழ்வு என்ற அச்சம் நீங்கியதால் பலர் அதை வரவேற்றனர். கடன் விண்ணப்பத்தில் பிணையாளர் இருவர் என்ற பகுதி அப்படியே இருக்கிறது.